ராணியை நாளைக் காலையே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். மகளுக்குத் திண்டுக்கல்லுக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. என் முட்டி வலி அப்படியேதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நாய் ராணி நேற்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை, அப்பா "வெயில் சூடு, தானா சரியாகும்" என்கிறார் என்று உன் மகன் புலம்பினான். போனில் சொன்னால் நீ பாதியிலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதி அவன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். உட்கார வைத்துப் படித்துக் காட்டட்டும்.

எங்கள் நாய் கருப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வளர்ந்த நாய் ஒரு வேளை தட்டை முகர்ந்துவிட்டுப் போனால் நானும் பதற மாட்டேன். தண்ணீர் குடிக்கிறதா, கேட் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறதா, அது போதும். இவன் பால்காரருக்கே தலையைத் தூக்கவில்லை. பால்காரரைக் குரைக்காத கருப்பனை நீ பார்த்திருக்கிறாயா? உங்கப்பா மூக்கைத் தொட்டுப் பார்த்து "ஈரமா இருக்கு, ஒண்ணுமில்லே" என்பாரே, அந்த வைத்தியத்தை மட்டும் நம்பாதே. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. கருப்பனுக்கு 104-ஐத் தாண்டியது.

அடுத்து உதட்டைத் தூக்கி ஈறைப் பார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நம்மவனுக்கு ஈறே கருப்பு, ஒன்றும் தெரியவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே காகிதமாக வெளுத்திருந்தது. வயிற்றில் முடியில்லாத இடத்தில் ஊசியால் குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். அதற்கப்புறம் யார் பேச்சையும் கேட்கவில்லை, வண்டியில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கிளம்பிவிட்டேன்.

உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் சரிந்திருந்தன. உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சலே தலைகாட்டுமாம், அதனால் இன்றைக்கு உடம்பில் உண்ணி இல்லை என்று நீ வாதாடாதே. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை டாக்டர் 28 நாளைக்கு எழுதிக்கொடுத்தார், சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே அவன் வாலாட்ட, "இனி எதுக்குங்க மாத்திரை?" என்று வீட்டில் ஒரே பிடிவாதம். பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளேயே பதுங்கியிருந்து திரும்ப வரும் என்று டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

டேய், இன்னொன்று. காய்ச்சல் என்று உன் பீரோவில் இருக்கும் பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துப் போடும் வேலை வேண்டாம். நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுபுரோஃபென் அதைவிட மோசம், குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தின்றுவிடும். ஏற்கனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதே, அவர் உன்னை அடிக்க மாட்டார். ஹாஸ்டல் வார்டனிடம் சாதித்த மாதிரி அங்கே போய்ச் சாதிக்காதே.

ராணி கடைசியாக எப்போது தின்றாள், சிறுநீர் என்ன நிறம், இதை மட்டும் கவனித்துவை. காப்பி நிறத்தில் போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, வயிறு உப்பி ஒன்றும் வெளியே வராமல் ஓங்கரித்தாலோ, வலிப்பு வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதே, ராத்திரியே கிளம்பு. அவள் போட்ட குட்டி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறதல்லவா, அதற்கு வாந்தியும் ரத்தபேதியும் சேர்ந்து வந்தால் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். வைத்தியம் பார்க்காவிட்டால் குட்டிகள் இரண்டு மூன்று நாளிலேயே போய்விடலாம். தடுப்பூசி போட்டாயா என்று கேட்டால் மழுப்புவாய், தங்கச்சியிடமே கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டோவில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்ற சாக்கும் வேண்டாம். முத்துவிடம் சொல்லிவிட்டேன், காலை ஏழு மணிக்கு அவன் டாட்டா ஏஸ் உன் வாசலில் நிற்கும். டீசல் காசை மட்டும் கொடுத்துவிடு, போன தடவை மாதிரி ஏமாற்றாதே.

உன்,
ராமு