தூக்க மாத்திரைச் சீட்டில் முடிவு தேதி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்க மாத்திரை முதியவர்களைத் தடுமாறி விழவைக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. 76 வயதான என் பெரியப்பா சென்ற மாதம் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது அந்தத் தனியார் மருத்துவமனை தந்த சீட்டில், அவர் பல ஆண்டுகளாக விழுங்கிவந்த அதே அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை, எத்தனை நாளைக்கு என்ற குறிப்பே இல்லாமல் மறுபடியும் எழுதப்பட்டிருந்தது.

வயதான ஆண்களின் பாடு இதில் தனி. பிராஸ்டேட் வீக்கத்தால் இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கிறது. அதற்குத் தரப்படும் டாம்சுலோசின், எழுந்து நிற்கும்போது சிலருக்கு இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, தூக்கம் கலைகிறது என்று இன்னொரு மருத்துவரிடம் சொன்னால், ஏன் கலைகிறது என்று கேட்காமலே அல்பிரசோலம் எழுதப்படுகிறது. சிறுநீர் முட்டி எழுகிற மனிதரை மருந்து மயக்கத்தோடு இருட்டில் நடக்கவிடுவது என்ன வைத்தியம்? அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் இவ்வகை மாத்திரைகளையும் சோல்பிடெம் என்ற வேறுவகைத் தூக்க மாத்திரையையும் முதியோருக்குத் தவிர்க்கவே சொல்கிறது. இடுப்பெலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறக்கும் விகிதமும் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம்.

ஆகவே, 60 வயதைக் கடந்தவர்களுக்கான தூக்க மாத்திரைச் சீட்டில் முடிவு தேதி கட்டாயமாக இருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் இருக்கிறது. விற்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். எங்கள் தெருக் கடையிலோ, மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டுக்கு, "தாத்தாவுக்குத்தானே" என்று பட்டையோடு எடுத்துத் தருகிறார்கள். பதிவேடு மட்டும் மாத்திரை இல்லாமலே நிம்மதியாக உறங்குகிறது போலும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கே திரும்புகிறேன். பல ஆண்டு சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், நாளையே எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முடிவு தேதியையும், அதற்குள் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் மருத்துவர் சீட்டிலேயே எழுதட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடிவரும் ஊழியர்கள், தூக்க மாத்திரை உண்டா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். இதற்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விழுந்தவரின் தம்பி மகன்,
மதுரை