ஆற்றில் விழாத விமானங்களையும் ஏன் உடைத்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆற்றங்கரையில் சரிந்து கிடக்கும் விமானங்களின் படத்தைப் போட்டு வேடிக்கையாக நாலு வரி எழுதியிருந்தீர்கள். படம் வேடிக்கையானதுதான். ஆனால் அந்தச் சம்பவத்தில் முக்கியமானது படத்துக்குப் பிறகு நடந்தது. அதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டதால் எழுதுகிறேன்.

2014 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு சரக்கு ரயிலின் 19 பெட்டிகள் தடம் புரண்டன. கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் செய்த போயிங் 737 விமானங்களின் ஆறு முழு உடற்பகுதிகள், வாஷிங்டன் மாநிலம் ரென்டனில் உள்ள போயிங் தொழிற்சாலைக்கு அதில் போய்க்கொண்டிருந்தன. இறக்கையும் எஞ்சினும் அங்கே போய்த்தான் பூட்டுவார்கள். அந்த ஆறு உடற்பகுதிகளில் மூன்று சரிவில் உருண்டு கிளார்க் ஃபோர்க் ஆற்றுக்குப் போய்விட்டன. யாருக்கும் காயமில்லை. போயிங் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கடைசியில் ஆறு உடற்பகுதிகளையும் உடைத்துப் போடுவது என்று முடிவாயிற்று. ஆற்றுப் பக்கமே போகாத மூன்றும் அதில் சேர்த்தி.

குன்னூரில் எங்கள் பட்டறையில் டீ குடிக்க ஒதுங்கிய ஒரு வேன் டிரைவர் இதைப் படித்துவிட்டு, "விழுந்ததைத் தூக்கிப் போடட்டும், சரி. விழாததை எதுக்குண்ணா உடைக்கணும்? டிங்கர் பார்த்தா நிமிந்துடாது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த மலையில் பாதி வண்டிகள் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன.

விமானத்தின் மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி உடம்பு கொஞ்சம் உப்பும், இறங்கினால் சுருங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான், மிக மெதுவாக. எங்கேயாவது ஏற்கெனவே அடி பட்டிருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

இது வெறும் பயம் இல்லை. 1978-ல் ஒசாகாவில் இறங்கும்போது ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 ஒன்று வாலைத் தரையில் தேய்த்துக்கொண்டது. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்புறத் தடுப்புச் சுவரைப் பழுது பார்த்தபோது, ஒரே துண்டாகப் போட வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரம் ஒரே வரிசையில் விழுந்தது. விமானம் ஏழு வருடம் நன்றாகவே பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுவர் பிய்ந்து, 520 பேர் இறந்தார்கள். சைனா ஏர்லைன்ஸின் இன்னொரு 747 இதே மாதிரி 1980-ல் வாலைத் தேய்த்தது. பழுது பார்த்த தகட்டுக்கு அடியில் விரிசல் வளர்ந்துகொண்டே இருந்து, 2002-ல் நடுவானில் விமானம் உடைந்து 225 பேர் போனார்கள். 22 வருடம்! பழுது பார்த்த ஆள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

இந்தக் கணக்கு தெரிந்தவன்தான் விழாத விமானத்தையும் உடைப்பான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கீழே விபத்தில் நொறுங்கி, இன்ஷூரன்ஸ்காரர்கள் டோட்டல் லாஸ் என்று கைகழுவிய வண்டிகளின் சாமான்கள் மலைக்கு ஏறி வருகின்றன. கதவு, சீட், டைனமோ வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழை டிரைவர் புதுசுக்கு எங்கே போவார்? ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டப் ஆக்சில், ஸ்டியரிங் ஆர்ம், டை ராடு இவையும் சேர்ந்தே வருகின்றன. கோணியிருந்தால் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் நிமிர்த்தி, கறுப்புப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். காய்ச்சியதோடு அந்த இரும்புக்குத் தொழிற்சாலையில் ஏற்றிய உரம் போய்விடுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க வண்டியின் பாரமெல்லாம் முன்சக்கரத்துக்கு வந்துவிடும். சமவெளியில் பத்து வருடம் ஓடக்கூடிய அரைகுறைச் சாமான் இங்கே எந்த வளைவில் கையை விரிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு ஸ்டியரிங் ஆர்ம் என் மேஜைக்கு வந்தது. பார்க்கப் புதுசு. பெயின்ட்டைச் சுரண்டி, ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். காலையில் பொட்டுக்கூட ஈரமில்லாமல் துடைத்து, சாக்பீஸ் பொடியைக் கரைத்துப் பூசிக் காயவைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டினேன். வெள்ளைப் பூச்சின் மேல், வளைவின் உட்புறத்தில், தலைமுடி கனத்தில் ஒரு கோடு கறுத்து ஊறி வந்தது. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய். பழைய ரயில்வே பணிமனை வித்தை இது. இப்போது மூன்று ஸ்பிரே டப்பாக்களில் இதே சோதனை கிடைக்கிறது: கழுவ ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளைப் பூச்சு ஒன்று. அரை மணி நேர வேலை.

எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டி போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் லைட், ஹாரன், புகை, பெயின்ட் எல்லாம் பார்க்கிறார். மலைப் பாதையில் ஓடும் வேன், பஸ், சுற்றுலா வண்டிகளுக்கு முன்சக்கரச் சாமான்களிலும் இந்த விரிசல் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்று: டோட்டல் லாஸ் வண்டியிலிருந்து கழற்றும் ஸ்டியரிங், அச்சுச் சாமான்களைக் கடைக்குப் போகும் முன்பே கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டிப் போட வேண்டும். மொன்டானாவில் அதைத்தான் செய்தார்கள். உங்கள் நிருபர் ஒருவரை மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே அனுப்பி, எந்தப் பட்டறைக்கு எங்கிருந்து சாமான் வருகிறது என்று ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். என் பட்டறையிலிருந்தே தொடங்கட்டும்.

பெயரைப் போட வேண்டாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். நாளைக்கு ஸ்பேனர் கடன் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி.