செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசடரில் செல்ஃப் அடித்தால் 'கர்ர்' என்று அரைத்துவிட்டு எஞ்சின் சுற்றாமல் நிற்கும். உடனே பழி செல்ஃப் மோட்டார் மேல் விழுகிறது. மோட்டாரைக் கழற்றும் முன் ஒரு சோதனை: டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு அடி தள்ளுங்கள். நியூட்ரலுக்கு வந்து மறுபடி அடியுங்கள். இப்போது எடுத்தால், தேய்ந்திருப்பது ஃப்ளைவீலின் (எஞ்சின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) விளிம்பில் இறுக்கியிருக்கும் பல் வளையமான ரிங் கியர்தான். நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கம்ப்ரஷன் எதிர்த்துத் தள்ளுவதால், அரைச் சுற்றுக்கு ஒன்றாக ஏறக்குறைய இரண்டே இடங்களில் ஓயும். செல்ஃப் மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியன் அடிப்பதும் எப்போதும் அந்த இடத்துப் பற்களைத்தான்.

தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்து அரம் போடுவது வீண்வேலை. கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் இறக்கித்தானே அதையும் செய்கிறோம்? புது வளையமே போடலாம். வாங்கும்போது பற்களை எண்ணி, உள்விட்டத்தையும் அளந்து பாருங்கள்.

பழையதை எடுக்க, இரண்டு பற்களுக்கு நடுவே ஃப்ளைவீலைத் தொடாத ஆழத்துக்கு டிரில் போட்டு, அந்த இடத்தில் உளி வைத்து ஒரே அடி. வளையம் தெறிக்கும், மேலே கனமான சாக்கு போடுங்கள். ஃப்ளைவீலில் வளையம் உட்காரும் படியைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, பிசிறு இருந்தால் தேய்த்துவிடுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் சூட்டில்தான். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்து வளையத்தைச் சிவக்க வைத்தால் எஃகின் உறுதியான டெம்பர் போய், புதுப் பல்லும் சீக்கிரம் மழுங்கிவிடும். இந்த எஞ்சினை வடிவமைத்த பி.எம்.சி. நிறுவனத்தின் கையேடு சொல்வது 300 முதல் 400 டிகிரி, அடையாளம், வெளிர்நீலம். நாலைந்து இடத்தில் எமரி தாளால் பளபளப்பாக்கி, வளையத்தைச் செங்கல் மேல் வைத்து, தீயைச் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று வந்து எல்லா இடமும் நீலமானதும் நிறுத்த வேண்டும். உள்விட்டம் 280 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இருந்த சூட்டைவிட 250 டிகிரி ஏறும்போது ஏறத்தாழ 0.8 மி.மீ. விரியும். அது போதும்.

பல்லின் சரிவான முனை எந்தப் பக்கம் என்று முன்பே குறித்து வையுங்கள். பினியன் நுழையும் பக்கம் அது இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மறுபடி உளிதான். வளையத்தை இடுக்கியால் தூக்கி ஃப்ளைவீல் மேல் வைத்து, லேசாகத் தட்டினால் உட்கார்ந்துவிடும். தானாக ஆறட்டும். தண்ணீரோ ஈரத்துணியோ பட்டால் ஒரு பக்கம் முந்திச் சுருங்கி வளையம் எழும்பும், விரிசலும் விடலாம். ஆறியபின் சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள்; நுழையக் கூடாது.

பினியன் பல்லும் மழுங்கியிருந்தால் அது இருக்கும் பெண்டிக்ஸ் அமைப்பையும் சேர்த்து மாற்றுங்கள்; இல்லையேல் மழுங்கிய பல் புது வளையத்தைத் தின்னும். ஃப்ளைவீலைத் திரும்ப ஏற்றும்போது விளிம்பில் உள்ள 1, 4 குறி, கிராங்க் ஷாஃப்டின் முதல், நான்காம் சிலிண்டர்களுக்கான வளைவுகள் இருக்கும் பக்கமே நேராக வர வேண்டும்.

ஒரு வாசகர், கோவை