எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் வாஷர் டப்பாவும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் லாரி உரிமையாளர்கள் டயரையும் பிரேக்கையும் பார்க்கிறார்கள், வைப்பர் பிளேடைக்கூட மாற்றுகிறார்கள். முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் டப்பாவை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. நாமக்கல்லில் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகள் பலவற்றில் அது விரிசல் விட்டுக் காய்ந்து கிடக்கிறது. சிலவற்றில் டப்பா இருந்த இடத்தில் தாங்கி மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

கொட்டும் மழையில் இந்த டப்பாவுக்கு வேலையில்லை. ஆபத்து தூறலில்தான். முன்னால் செல்லும் வண்டி இறைக்கும் சேற்றுநீரைப் போதிய ஈரமில்லாமல் வைப்பர் இழுக்கும்போது கண்ணாடி முழுவதும் மண் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. இரவில் எதிரே வரும் விளக்கொளி அதில் சிதறிச் சாலையே தெரியாமல் போகிறது. ஓடும் வண்டியில் கிளீனர் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பாட்டில் தண்ணீரை ஊற்றுவதை நெடுஞ்சாலையில் பலரும் பார்த்திருப்பார்கள்.

இந்த டப்பாக்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. இன்ஜின் சூட்டிலும் அதிர்விலும் ஆண்டுக்கணக்கில் இருந்து இறுகிப்போகும் பிளாஸ்டிக், போல்ட் போடும் காதுகளிலும் தண்ணீரைத் தள்ளும் மோட்டார் செருகும் துளையிலும் முதலில் வெடிக்கிறது. குளிர்காலத்தில் காஷ்மீர், இமாச்சலம் பக்கம் செல்லும் வண்டிகளில், வெறும் தண்ணீர் உறைந்து ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுவதாலும் டப்பா பிளக்கிறது. பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் நிலைத்து ஒட்டாது. சூட்டுக்கோலால் உருக்கி ஒட்டினாலும் அது ஊர் வந்து சேரும்வரைக்குத்தான். ஆகவே டப்பாவை மாற்றுவதே முறை.

பழைய லாரிகள் பல வெறும் சேஸிஸாக (அடிச்சட்டமாக) வந்து இங்குள்ள பாடி பட்டறைகளில் கேபின் கட்டப்பட்டவை என்பதால், அசல் டப்பா கிடைத்தாலும் எல்லா வண்டியிலும் அப்படியே பொருந்திவிடாது. பொதுவான டப்பாவை வாங்கி, சைலன்சர் சூடு படாத இடத்தில் தாங்கி அடித்துப் பொருத்தலாம். கவனிக்க வேண்டியது மோட்டாரைத்தான்: கனரக லாரிகளில் மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதை மறந்து, விலை குறைவு என்று காருக்கான 12 வோல்ட் மோட்டாரைப் போட்டால் அது சீக்கிரமே கருகிவிடும். மோட்டார் உட்காரும் ரப்பர் வளையத்தைப் புதிதாகவே போட வேண்டும். அதைச் செருகும்போது கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும், சோப்புத் தண்ணீரே போதும். போல்ட்டை இறுக்கித் தள்ளினால் புது டப்பாவின் காதும் வெடிக்கும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு பீய்ச்சுக்குழாய்த் துளைகளை அடைத்துவிடுகிறது என்பதால், உப்பில்லாத நீரை ஊற்றுவது நல்லது. டப்பாவில் தண்ணீரில்லாமல் மோட்டாரை ஓட்டிப் பார்க்கவும் கூடாது.

பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கும் (மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும்) ஒரு வேண்டுகோள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆவது விதி, முன்கண்ணாடியுள்ள வண்டிகளுக்கு விசையால் இயங்கும் வைப்பர் வேண்டும் என்கிறது. 8 ஆண்டுகளைக் கடந்த லாரிகள் ஆண்டுதோறும் எஃப்.சி. சோதனைக்கு வந்தாக வேண்டும். அப்போது வைப்பர் ஆடுகிறதா என்று பார்ப்பதோடு வாஷர் சுவிட்சையும் அழுத்தச் சொல்லி, ஓட்டுநர் பார்க்கும் பகுதியில் தண்ணீர் விழுகிறதா என்று கவனித்தால், டப்பா இல்லாத வண்டிகள் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
லாரி பட்டறை உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல்.