மூன்றே முக்கால் நாழிகையும் ராகுகால வாசகமும்

அன்பு மகளுக்கு,

வெள்ளிக்கிழமை 12 மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் புது வீட்டில் பால் காய்ச்சப்போவதாகச் சொன்னாய். அந்த 12 நம்ம ஊர்க் கணக்கு, லண்டனுக்கு ஆகாது.

உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை 30 நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம். பகலை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி. காலை 6, மாலை 6 என்று பொதுவாக வைத்துக்கொண்டு தினசரி காலண்டரில் போட்டுவிடுகிறார்கள். நம்ம பக்கம் உதயம் அதிகம் தள்ளிப்போகாததால் யாரும் கண்டுகொள்வதில்லை.

எந்தக் கிழமைக்கு எத்தனையாவது பங்கு என்பதற்குத்தான் அந்த வாசகம்: "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா". திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்களை ஒன்று என்று எண்ணிவிடாதே, இரண்டிலிருந்து தொடங்கு. முதல் பங்கில் எந்தக் கிழமையும் ராகுகாலம் கிடையாது. பலரும் சறுக்குவது இங்கேதான், ஏழு கிழமையும் ஒன்றரை மணி முன்னால் போய்விடும். வெயிலையும் விளையாட்டையும் இடம் மாற்றிச் சொல்லிவிட்டால் வெள்ளியும் வியாழனும் மாறிப்போகும். "ஞாயமா" என்பதைப் படித்தவர்கள் "நியாயமா" என்று திருத்துவார்கள். ஞாயிறு காணாமல் போகும்!

எமகண்டத்துக்கு வாசகமே வேண்டாம். வியாழன் முதல் பங்கு, புதன் இரண்டு, செவ்வாய் மூன்று என்று கிழமை பின்னோக்கிப் போகும். குளிகையும் அப்படித்தான், சனியில் தொடங்கும். ராகுவின் வரிசைதான் தாறுமாறு.

இனி உன் ஊருக்கு வருவோம். ஜூன் 21 வாக்கில் உதயம் 4.43, அஸ்தமனம் இரவு 9.21. இடையில் 998 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 2 மணி 5 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வெள்ளிக்கு நாலாவது பங்கு என்பதால் மூன்று பங்கை, அதாவது 6 மணி 14 நிமிடத்தை, உதயத்தோடு கூட்டு. 10.57 வரும். அங்கிருந்து 1.02 வரை ராகுகாலம். நீ சொன்ன நேரம் அதன் நட்டநடுவில் இருக்கிறது. இதே வெள்ளி டிசம்பர் 21-இல் வந்தால் உதயம் 8.04, அஸ்தமனம் 3.53, ஒரு பங்கு ஒரு மணிகூடத் தேறாது, 11 மணிக்குத் தொடங்கி 12-க்குள் முடிந்துவிடும்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கிறார்களே, அதைத் தனியாகக் கழிக்காதே. போனில் பார்க்கும் உதய, அஸ்தமன நேரத்தில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

வெள்ளிக்குக் குளிகை இரண்டாவது பங்கு, உனக்கு 6.48 முதல் 8.52 வரை. குளிகையில் செய்தது பெருகும் என்பார்கள். பால் காய்ச்சத் தோதான நேரம். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்புமுன் ஏழரைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடு.

அன்புடன்,
அப்பா