குழாய் வாயில் நின்ற நீர்த்துளி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மாதிரித் தேர்வு விடைத்தாளைப் பார்த்தேன். சமையல் சோடாவைச் சோதனைக் குழாயில் சூடாக்கும்போது குழாயின் வாயருகே நீர்த்துளிகள் படிவதால், அதில் படிகநீர், அதாவது படிகத்துக்குள் மூலக்கூறாகவே பிணைந்திருக்கும் நீர், இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மதிப்பெண் போனது நியாயமே. ஆனாலும், கண்ணால் கண்டதை வைத்து நீ செய்த இந்தத் தவறு, மனப்பாடமாக எழுதிய சரியான விடைகளைவிட எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் மயில்துத்தத்தை, அதாவது நீலநிறக் காப்பர் சல்பேட் படிகத்தை, எடுத்துக்கொள். ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்ற மாறாத விகிதத்தில், அதன் படிகத்துக்குள் நீர் நீராகவே அமர்ந்திருக்கிறது; ஈரத்துணியிலுள்ள நீரைப் போல அது விருப்பம்போல் கூடிக் குறைவதில்லை என்பதால்தான் அதைக் கலவை என்னாமல் சேர்மம் என்கிறோம். மெதுவாகச் சூடாக்கினால் நீலம் மறைந்து வெண்தூளாகும். ஆறியபின் சில சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும். (பொறுமையிழந்து மிகையாகச் சூடாக்கினால் கறுப்புக் காப்பர் ஆக்சைடுதான் மிஞ்சும்.) சலவை சோடா இன்னும் வியப்பானது: தொட்டால் உலர்ந்திருக்கும் அந்தப் படிகத்தின் 286 கிராமில் 180 கிராம் நீர்! திறந்து வைத்தால் பத்து நீர் மூலக்கூறுகளில் ஒன்பதைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் பொடியாகிறது.

சமையல் சோடாவுக்குள் நீர் மூலக்கூறு ஒன்றுகூடக் கிடையாது. அதன் பைகார்பனேட் அயனியில் (மின்னேற்றமுள்ள அணுக்கூட்டத்தில்) கார்பனோடு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அணுக்களாக இருக்கின்றன, அவ்வளவுதான். சூட்டில் இரண்டு அலகுகள் சிதைந்து, அவற்றின் அணுக்கள் சோடியம் கார்பனேட்டாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மறுபடி சேர்கின்றன. நீ கண்ட துளி உள்ளே ஒளிந்திருந்து வெளிவந்ததல்ல, அந்த நேரத்தில் உருவானது. எஞ்சிய தூளில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் சமையல் சோடா திரும்பாது, வாயு போய்விட்டதே.

பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு 'அரை நீர் மூலக்கூறு' என்பதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்தாய். மூலக்கூறை யாரும் பாதியாக வெட்டவில்லை. இரண்டு கால்சியம் சல்பேட்டுகளுக்கு ஒரு நீர் என்பதுதான் அதன் பொருள்.

168 கிராம் சமையல் சோடா முழுவதும் சிதைந்தால் 18 கிராம் நீர் கிடைக்கும். மீதி 150 கிராம் எது எதுவாக ஆனது என்று கணக்கிட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா