புண்ணைக் காட்ட வருகிறவரைத் திட்டாதீர்கள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் என்.சி.டி. பிரிவை, அதாவது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்கான பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் சகோதரிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். காலில் புண் வந்தால்தான் நிலைமை வேறாகிவிடுகிறது.

அம்மாவுக்குக் கட்டு மாற்றப் போகும் இடங்களில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க? காலை எடுத்தாத்தான் புத்தி வருமா?" அக்கறையில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் சர்க்கரை நரம்பைக் கெடுத்த பிறகு, முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் வலிப்பதில்லை. கோயில் பிரகாரத்தின் சுடுகல்லில் நடந்து கொப்புளம் வந்ததுகூடத் தெரியாமல் வீடு திரும்புகிறார்கள். வலிக்காத புண்ணை ஒருவர் தாமதமாகப் பார்ப்பதை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது? ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த புண்ணை மறைக்கிறார். மஞ்சளோ காப்பித்தூளோ வைத்துக் கட்டிக்கொண்டு, நாற்றம் வந்த பிறகுதான் வருகிறார்.

உங்களுக்கு வேலை அதிகம் என்பதும் கண்கூடு. அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வீட்டிலேயே கட்டு மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லும் சின்னப் புண்களுக்கு, ஒரு தடவை நோயாளியையோ கூட வந்தவரையோ உங்கள் முன்னால் செய்யவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, சலைனில் துடைப்பது, கட்டை எவ்வளவு இறுக்குவது, எல்லாம் அவர் கையாலேயே நடக்கட்டும். தப்பு நடந்தால் திருத்துங்கள், சரியாக வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் கட்டுவதை நூறு முறை பார்த்தாலும் வராத தைரியம் அப்போது வரும்.

புண் உள்ள காலை ஊன்றி நடந்தால் எவ்வளவு நல்ல கட்டுப் போட்டாலும் உள்பாதப் புண் ஆறாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பலருக்கு இது தெரியவே தெரியாது. சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, கறுத்த விரல், காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.

அப்புறம், தனியாக வரும் பெண்களை ஒருகணம் கவனியுங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் மனைவிதான் கட்டு மாற்றிவிடுகிறார். இவர்களில் பலருக்குக் குனிந்து பார்த்துச் சொல்லக்கூட ஆள் இல்லை. கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கும் முறையை முதலில் இவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.

அன்புடன்,
சுகர் உள்ள ஒரு தாயின் மகள்